கிழக்கு மதில்

ஜூன் 3, செவ்வாய்

மரணப் பதிவேட்டில் இல்லை. மூன்றாவது தடவையாக முதல் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன். அந்த வருடம் மொத்தம் நாற்பத்தாறு அடக்கம். எண் எதுவும் விடுபடவில்லை, தாள் எதுவும் கிழியவில்லை. மாமாவின் அம்மா ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறார். திருமணப் பதிவேட்டில் இருக்கிறார். மாமாவின் ஞானஸ்நானத்தில் ‘தாய்’ என்ற கட்டத்தில் இருக்கிறார். இறந்ததாக மட்டும் எங்கேயும் இல்லை. கோயில் கணக்குப்படி தொண்ணூற்றொன்பது வயதில் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும்.

பங்கு அலுவலக எழுத்தர் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டே சொன்னார்: “நீங்க தேடுற தேடலுக்கு அவங்களே எந்திரிச்சு வந்து நான் இங்க இருக்கேன்னு சொல்லிடுவாங்க போலருக்கு.” சிரித்தேன். படி இறங்கும்போது முட்டி பிடித்துக்கொண்டது.

எதற்காக இப்படி அலைகிறேன் என்று எனக்கே ஒரு தடவை எழுதி வைத்துக்கொள்கிறேன். மாமா என் வீட்டுக்காரரின் அப்பா, வயது எழுபத்தெட்டு. இதயம் பலவீனம், இந்த வருடத்தைத் தாண்டினால் சந்தோஷம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம். மாமா கோயிலுக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்தில் வெளியே நின்றார். மாமியார் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டார். அவருக்கு நம்பிக்கை கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படியே நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், ஃபாதரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். பாலைக் குடித்து முடித்து டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“எங்கம்மாவ உள்ள விடல. நான் மட்டும் உள்ள போய் என்ன பண்ண?”

அவருக்கு அப்போது ஏழு வயது. சின்னப் பிள்ளை ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் அல்லவா? பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தால் கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்று கிளம்பினேன். கண்ணை மூடுவதற்கு முன் அவர் ஃபாதர் கையால் நன்மை அப்பம் வாங்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

ஜூன் 5, வியாழன்

மாமாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, மாத்திரை கொடுத்து, துணி அலசி, சமைத்து முடிப்பதற்குள் பன்னிரண்டரை. அதற்குப் பிறகு லத்தீன் சொற்களைத் தனித்தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இது தேவையா? பழைய சாமியார்கள் எல்லாவற்றையும் லத்தீனில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓரத்துக் குறிப்பில் ஏதாவது இருந்து, நான் வாசிக்கத் தெரியாமல் விட்டிருந்தால்?

எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் கேட்டார்: “எங்கப்பாவுக்கு மோட்சம் வாங்கிக் குடுத்தா ஒனக்கு எவ்ளோ கமிஷன்?”

அடுத்த சொல்லை எழுதினேன். 

ஜூன் 9, திங்கள்

ஓரத்துக் குறிப்பிலும் இல்லை. பொது நூலகத்து மாடியில் பழைய பத்திரிகைகள் வருடவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்களாம். செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும் தருவார்கள். எழுத்தர் சொன்னார். சாவு என்றால் பத்திரிகையிலும் வந்திருக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

மூன்றாம் பக்கம், கீழே, தலைப்பில்லாமல் சில வரிகள். ஊரையும் கணவர் பெயரையும் மட்டும் விட்டுவிட்டு, அப்படியே எழுதி வைக்கிறேன். ‘நேற்று முன்தினம் காலை கிணற்றில் ஒரு ஸ்திரீ பிரேதமாகக் காணப்பட்டார். வயது இருபத்தெட்டு. ஏழு வயதில் ஒரு மகன் உண்டு. கைக்குழந்தை மூன்று மாதங்களுக்கு முன் இறந்துபோயிற்று. தவறி விழுந்தாரா, தாமே விழுந்தாரா என்பது விளங்கவில்லை.’ ஊரும் கணவர் பெயரும் பொருந்துகின்றன.

அந்தக் கைக்குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் பதினான்காம் எண், வயது நாற்பது நாள், காய்ச்சல். மூன்று தடவையும் அதைத் தாண்டித்தான் போனேன். குழந்தையை எழுதியிருக்கிறார்கள், தாயை எழுதவில்லை. தாமே விழுந்ததாக அந்தக் காலத்துச் சாமியார் முடிவு கட்டியிருக்கிறார். அப்படி இறந்தவர்களுக்கு அப்போது பூசை கிடையாது, மணி கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது.

ஆக மாமா சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். ஏழு வயதிலேயே.

ஜூன் 13, வெள்ளி

இன்று நான் செய்ததை எழுதத்தான் வேண்டும்.

நகலை எடுத்துக்கொண்டு மாமாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் “தவறி விழுந்தார்” என்று நிறுத்திக்கொண்டேன். யோசித்துச் செய்தேனா, வாயில் வந்துவிட்டதா? யோசித்துத்தான் செய்தேன். நூலகத்திலிருந்து வரும் பேருந்திலேயே யோசித்துவிட்டேன்.

“குடு” என்றார்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, விரல் வைத்து வாசித்தார். சில வரிகளுக்கு அவ்வளவு நேரம். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மிச்சத்த யாரு தின்னா?”

என்னால் தலை நிமிர முடியவில்லை.

“எங்கம்மாவுக்குப் பொய்ச்சாட்சி வேண்டாம்மா” என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நன்மை வாங்கவில்லை. அதற்கு முன் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதற்கு வெட்கம். பொய் சொல்லி ஒருவரை மோட்சத்துக்கு அனுப்பப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 17, செவ்வாய்

மாமாவின் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவராகவே பேசினார், என் உச்சந்தலையைப் பார்த்து.

“அன்னிக்குக் காலைல எங்கம்மா எனக்கு ரெண்டு தடவ தல சீவுனா. சீவி முடிச்சா, கலைச்சா, மறுபடி சீவுனா. அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

அடக்கத்தைப் பற்றியும் சொன்னார். நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கிழக்கு மதிலுக்கு வெளியே, கல் வெட்டிய பள்ளத்துக்கும் மதிலுக்கும் நடுவில் குழி. இவர் மதில்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தாராம். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. மறுவாரம் பெரியம்மா வந்து வேறு ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார். கல்யாணத்துக்குப் பிறகுதான் இங்கே திரும்பி வந்தார். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

நகம் வெட்டி முடித்த பிறகும் அவர் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். “போதும், இதுக்கு மேல வெட்டுனா வெரல்தான்” என்றார்.

ஜூன் 19, வியாழன்

நூலகத்துக்குப் போகாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வெளியிலிருந்தாவது அந்த இடத்தில் நின்று ஒரு ஜெபம் சொல்லலாம் என்று.

கிழக்கு மதிலுக்கு வெளியே பள்ளமே இல்லை. ஒரு சாலை, அதற்கு அந்தப் பக்கம் லாரி பழுது பார்க்கும் பட்டறை. உள்ளே வந்து புல் வெட்டுபவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்து பள்ளம் இருந்ததில்லையாம். ‘கால் இடறும், பாத்து’ என்று எச்சரித்தார். குனிந்து பார்த்தேன். தரையோடு தரையாக ஒரு கல்வரிசை, வடக்கிலிருந்து தெற்காக நேர்கோடு. கிழக்கு மதிலிலிருந்து முப்பது நாற்பது அடி உள்ளே தள்ளி. அதற்கு இந்தப் பக்கமும் கல்லறைகள், அந்தப் பக்கமும் கல்லறைகள்.

மாமியார் கல்லறை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. எத்தனை வருடமாக இந்தக் கல்லைத் தாண்டிப் போயிருக்கிறேன்!

இது பழைய மதிலின் அடித்தளமா? அப்படியென்றால் மதில் பிறகு நகர்ந்திருக்கிறதா? இப்போதைய மதிலின் மூலையில் ஒரு வருடம் செதுக்கியிருக்கிறது. மாமாவுக்கு அப்போது பதினாறு வயது இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனாரிடமிருந்து ஃபோன். என் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்திருக்கிறது. தன் மகளுக்கு இப்போதுதான் வரன் பேசி வருகிறார்களாம். “செத்துப்போன கெழவியத் தோண்டி எடுத்து எங்க தலைல கட்டாத. எழுபத்தோரு வருஷம் மூடி வச்சது ஒனக்கு மட்டும் எதுக்கு அரிக்குது?” நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தக் கிழவிக்கு இருபத்தெட்டு வயது என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மதிலில் செதுக்கியிருந்த வருடத்துப் பத்திரிகைகளில் ஆறு மாதம் முடித்தேன். தூசியில் மூச்சிரைக்கிறது. ஒன்றுமில்லை.

ஜூன் 26, வியாழன்

கிடைத்தது, அரைப் பத்தி. கல் வெட்டுபவர் பள்ளத்தை நிரப்பி, ஒட்டியிருந்த நிலத்தைக் கோயிலுக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறார். மதிலை இடித்துக் கிழக்கே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். மறைமாவட்ட ஆயர் வந்து, ‘புதிய நிலம் முழுவதையும் நான்கு எல்லைகளிலும் சுற்றி வந்து மந்திரித்து ஆசீர்வதித்தார்.’

நான்கு எல்லைகளிலும். அப்படியென்றால் மாமாவின் அம்மா உள்ளேதான் இருக்கிறார். அறுபத்திரண்டு வருடமாக உள்ளேதான் இருக்கிறார்.

நூலகப் பெண் தூசிக்குக் கட்டியிருந்த முகத்துணியை இறக்கிவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். இந்த முறை ஒரு எழுத்து விடவில்லை. வந்திருந்த பிரமுகர்கள், வரவேற்புரை சொன்னவர், பாட்டுப் பாடிய பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லாம் வாசித்தேன். பிறகு நகலை அவர் கையிலேயே கொடுத்தேன். வாங்கவில்லை.

“அப்ப மதில்தான் நகந்து வந்திருக்கு” என்றார். “கோயில்காரங்க யாரும் வரல.”

அழுவார் என்று நினைத்திருந்தேன். ஆயரே சுற்றி வந்து மந்திரித்திருக்கிறாரே மாமா என்றேன்.

“நெலத்த மந்திரிச்சாரு. அவ அங்க கெடக்கான்னு யாருக்காவது தெரியுமா?”

அடுப்படிக்கு வந்து, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். எனக்குக் கோபம். யார்மேல்? இவர்மேலா, அந்தச் சாமியார்மேலா? கர்த்தரே, நான் என்னதான் செய்யட்டும்? வருடத்தைக் கண்டுபிடித்தேன், நிலத்தைக் கண்டுபிடித்தேன், இன்னும் போதவில்லையா?

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்த நோட்டுல அவ பேர எழுதச் சொல்லு. எழுதுனா வந்து பாக்கறேன்.”

ஜூலை 1, செவ்வாய்

பங்குத் தந்தை வயதில் சின்னவர். குறுக்கே பேசாமல் கேட்டார். பழைய பதிவேட்டில் இனி யாரும் கை வைக்க முடியாதாம். ஆயர் சம்மதித்தால் இந்த வருடப் பதிவேட்டில், நடந்த தேதியோடு எழுதலாம். அதற்கு வீட்டார் ஒரு கடிதம் தர வேண்டும், எதையும் மறைக்காமல். மறைக்காமல் என்று அவர் சொன்னபோது எனக்கு முகம் சுட்டது. அங்கேயே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தேன்.

ஜூலை 3, வியாழன்

கடிதம் எழுதினேன். என் கையெழுத்து கோணல். வீட்டுக்காரர் வாங்கி இரண்டு தடவை வாசித்தார். ஒன்றும் கேலி பேசவில்லை. நல்ல தாள் எடுத்துவந்து தன் கையால் படியெடுத்தார். மாமா கையெழுத்துக்குக் கீழே தானும் போட்டார்.

“அக்கா கத்துவா” என்றார். “கத்தட்டும்.”

ஜூலை 14, திங்கள்

பதில் இல்லை. மாமாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இன்று திரும்பினோம். நாற்காலியில் உட்கார்ந்தே இருந்ததில் எனக்கு இடுப்பு நிமிரவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு ஃபாதர் வந்து கடைசி எண்ணெய் பூசி ஜெபித்தார். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் இப்படியே போய்விட்டால்? நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று இப்போது தெரிகிறது.

ஜூலை 31, வியாழன்

ஆயரின் சம்மதம் வந்துவிட்டது. இரண்டே வரி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அலுவலகம் வரை மாமா நடந்தே வந்தார். நான்கு இடத்தில் நின்றோம். எழுத்தர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பதிவேட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பங்குத் தந்தையே பேனாவை எடுத்தார். இந்த வருடத்தின் பத்தொன்பதாம் எண். பெயர், தகப்பன் பெயர், கணவர் பெயர், வயது, தேதி. அடக்கம் செய்த இடம்: கல்லறைத் தோட்டம், கிழக்குப் பகுதி.

அடுத்த கட்டம் ‘மரணக் காரணம்’. பேனா நின்றது. அதை வெறுமனே விட்டுவிடலாம் என்று எழுத்தர் மெதுவாகச் சொன்னார்.

மாமா குனிந்து மேலே உள்ள வரிகளைப் பார்த்தார். “மத்தவங்களுக்கெல்லாம் எழுதியிருக்கே?”

எழுதியிருந்தது. மாரடைப்பு, முதுமை, விபத்து, முதுமை.

“துக்கம்னு எழுதுங்க” என்றார்.

எழுத்தர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பங்குத் தந்தை எழுதினார். நின்று நிதானமாக, மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் பெரிதாக. மை காயும்வரை மாமா அந்தப் பக்கத்தை மூடவிடவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாமா பூசைக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஏழரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கடைசி பெஞ்சில் ஓரத்து இடம். நன்மை வாங்க எல்லோரும் எழுந்தபோது காலை ஒதுக்கி வழிவிட்டார், அவர் எழவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

வரும் வழியில் மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிரசங்கம் ரொம்ப நீளம் என்றார். பெஞ்சு முதுகைக் குத்துகிறது என்றார். பிறகு, “பாவசங்கீர்த்தனம் என்னிக்குக் கேக்கறாங்க?” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் என்று சொன்னேன்.

“எழுபத்தோரு வருஷத்துது இருக்கு. சீக்கிரமே போயி எடம் பிடிக்கணும்.”