போனில் பேசும் பெண்

ஆடி மூன்றாம் செவ்வாய்

ஆறு வருடமாக என்னிடம் சர்க்கரைக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் செல்வியம்மா, மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாகிறதாம். என்னிடம் மூச்சுவிடவில்லை. எங்கள் ஆராய்ச்சிக்காக வாராவாரம் நோயாளிகளுக்குப் போன் செய்து விசாரிக்கும் கம்ப்யூட்டரிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். பதிவுகளை அலசியபோதுதான் தெரிந்தது.

இன்று அடையாறு கிளினிக்குக்கு வந்தவளிடம் கேட்டே விட்டேன். "ஏம்மா, என்கிட்ட சொல்லல?"

"நீங்க கத்துவீங்க டாக்டரம்மா. போன்ல பேசற பொண்ணு பொறுமையா கேட்டுக்கினு கீது. அதாண்ட சொன்னா மனசு லேசாவுது."

மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் போனில் கேட்கும் கேள்விகளையெல்லாம் போன வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து கொடுத்தவள் நான்தான். அது என் குரல் என்று செல்வியம்மாவுக்குத் தோன்றவே இல்லை.