காந்தமும் கலர் மூடியும்

1959 மார்ச் 8, ஞாயிறு

டி.பி. சானடோரியம் போய் வந்தேன். காந்தா உள்ளே, நான் வெளியே, நடுவில் கண்ணாடி. கபத்தில் கிருமி இருக்கும்வரை இப்படித்தான் பார்க்க விடுவார்கள். கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். இரண்டு பக்கமும் மற்ற குடும்பங்கள் கத்திக்கொண்டிருந்தன. வீட்டு வாடகை, மாட்டுக் கன்று, யாரோ ஒரு மாமியார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதிலும் பாதி நாள் அவள் அங்கேதான். அத்தனை பேர் நடுவில் நான் என்னத்தைக் கத்துவது?

"சாப்டியா?" தலையாட்டினாள். "ஊசி வலிக்குதா?" அதற்கும் தலையாட்டினாள். பிறகு நான் என் செருப்பைப் பார்த்தேன், அவள் தன் வளையலைப் பார்த்தாள். மணி அடித்துவிட்டார்கள்.

வாசலில் நர்ஸ் மௌரீன் பிடித்துக்கொண்டார். "உன் வைஃப் சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பி அனுப்புது மேன். இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்து நீ அதுகிட்ட என்னதான் பேசறே?"

என்னதான் பேசுகிறேன்?

மார்ச் 10

அத்திபெலேயிலிருந்து அண்ணன் கோவிந்தப்பா வந்திருந்தார். மண்டியில் அவருக்குப் பழக்கமான ஒருவரின் மகளைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தார். "நீ இன்னும் சின்னப் பையன்டா கிருஷ்ணா. காந்தா அப்பாகிட்ட நான் பேசறேன். அவங்க பொண்ணை அவங்க ஆனேக்கல்லயே வச்சுப் பாத்துக்கட்டும். உன் வாழ்க்கை என்னாவறது?"

நான் வாயைத் திறக்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போயிருப்பாரோ?

மார்ச் 12

இன்று ஆபீஸில் ஒன்று நடந்தது.

நான் மெஷின் படம் வரைந்துகொண்டிருந்தேன். பலகை மேலிருந்த குண்டூசி ஒன்று தானாக நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. குனிந்து பார்த்தால் ஓஸ்வால்ட் — எங்கள் டூல் ரூம் ஆள் — பலகைக்கு அடியில் ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "பேய் பிடிச்சுதா மேன்?" என்று சிரித்தான்.

மரப்பலகையைத் தாண்டி இழுக்கிறது என்றால் கண்ணாடியைத் தாண்டி?

ஸ்டோர் ரூம் ஜன்னலுக்கு ஓடினேன். இந்தப் பக்கம் காந்தம், அந்தப் பக்கம் ஓஸ்வால்டின் கையில் குண்டூசி. பிடித்தது. நான் நகர்த்த அது நகர்ந்தது. அவன் ஊசியை நகர்த்தினால் என் கையிலிருந்த காந்தமும் லேசாக இழுபட்டது.

நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். "என்ன ஆச்சு மேன்?" என்று கேட்டான். இன்னொரு தடவை ஊசியை நகர்த்தச் சொன்னேன்.

மார்ச் 14

அரை நாள் லீவு. ஓஸ்வால்டோடு சிவாஜிநகர் பழைய சாமான் கடைகள் முழுக்க அலைந்தேன். சண்டைக் காலத்தில் பட்டாளத்தார் காதில் மாட்டிய ஹெட்போன்கள் ஒரு கடையில் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் விரல்நுனி அளவில் காந்தம். கடைக்கார பாய் கேட்டார், "ரேடியோ செய்யறீங்களா?" இல்லை, விளையாட்டுச் சாமான் என்றேன். "பச்சோங் கே லியே?" என்றார். பிள்ளைகளுக்கு இல்லை பாய், பெண்டாட்டிக்கு என்றேன். நானா அப்படிச் சொன்னேன்? ஓஸ்வால்ட் இன்னும் சிரிக்கிறான்.

மார்ச் 15, ஞாயிறு

ஒரு கலர் பாட்டில் மூடியை மௌரீனிடம் கொடுத்து உள்ளே தரச் சொன்னேன். கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தார். காந்தா அதைக் கண்ணாடியில் வைத்தாள், நான் இந்தப் பக்கத்திலிருந்து காந்தத்தை வைத்தேன். கையை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். எடுத்தாள். மூடி விழவில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

மெதுவாக மேலே நகர்த்தினேன். அவள் பக்கம் மூடி மேலே ஏறியது. அவள் மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஒரு விரலை வைத்துக் கீழே இழுத்தாள். என் விரலுக்கடியில் காந்தம் இழுபட்டது. நான் இடது பக்கம், அவள் வலது பக்கம். மணி அடிக்கும்வரை இதேதான். ஒரு வார்த்தை பேசவில்லை. போன வாரமும் பேசவில்லைதான், ஆனால் அதுவும் இதுவும் ஒன்றா?

மார்ச் 17

இழுத்து விளையாடுவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி. அடுத்ததற்கு என்ன? வெற்றி தோல்வி இருக்க வேண்டும். வாரம் முழுக்க அவள் யோசித்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும்.

காந்தாவுக்கு ஞாபகசக்தி அபாரம். கல்யாணத்துக்கு வந்தவர்களில் யார் எந்தப் புடவை கட்டியிருந்தார்கள் என்று ஒரு மாதம் கழித்துச் சொன்னவள். ஆகவே ஞாபக விளையாட்டு.

திட்டம் இது. என்னிடம் டிரேஸிங் பேப்பர் இருக்கிறது. அதில் வரைந்தால் இரண்டு பக்கமும் தெரியும். கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு படத்தையும் இரண்டிரண்டாக வரைந்து, கண்ணாடியில் கலைத்து ஒட்ட வேண்டும். ஒவ்வொரு படத்தையும் இந்தப் பக்கம் காந்தம் மறைக்கும், அந்தப் பக்கம் மூடி மறைக்கும். ஆடுகிறவர் இரண்டை ஒதுக்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் நகர்த்தினாலே இரண்டு பக்கமும் திறந்துவிடும், இரண்டு பேருக்கும் படம் தெரியும். ஜோடி சேர்ந்தால் அவருக்கு. சேராவிட்டால் மறுபடி மூடிவிட வேண்டும். எங்கே எது இருந்தது என்று மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை இரண்டு பேர் சேர்ந்துதான் ஆட முடியும். ஒருவர் போய்விட்டால் மற்றவர் பக்கம் எல்லாம் கீழே விழுந்துவிடும்.

மார்ச் 18

வீட்டு ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். நடுவில் படம் வந்ததும் மூடிகள் விழுகின்றன.

மார்ச் 19

மூடிக்கு விளிம்பு இருப்பதால் கண்ணாடியோடு படிய மாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினேன். பக்கத்து வீட்டு முத்தம்மா வந்து, "என்னப்பா, ஆம்பளை தனியா இருந்தா இப்படியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தட்டையான மூடிகள் விழவில்லை.

மார்ச் 20

புதுத் தொல்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் காந்தங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஓஸ்வால்ட் வழி சொன்னான்: கேரம் காய்களின் மேல் அரக்கால் ஒட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே முனை கண்ணாடியைப் பார்க்கட்டும். செய்தேன். இப்போது அருகில் கொண்டுபோனால் ஒட்டுவதற்குப் பதில் லேசாக விலகிக்கொள்கின்றன, பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் உட்காருவது போல. ஒரு மணி நேரம் இதையே நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். சோறு குழைந்துவிட்டது. பரவாயில்லை.

மார்ச் 22, ஞாயிறு

முதல் ஆட்டம். நான் ஜெயித்தேன். காந்தாவுக்கு முகமே சரியில்லை. கிட்ட வந்து கத்தினாள், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எல்லாருக்கும் கேட்கும்படி, கோபத்தில் கன்னடம் கலந்து: "நீங்களே வரைஞ்சு நீங்களே ஒட்டுனா உங்களுக்குத் தெரியாதா? இது யாவ நியாயங்க?"

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

இன்னும் முடியவில்லை. "அப்புறம் அது என்ன படம்? எல்லாம் நட்டு, போல்ட்டு, சக்கரம். ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே இல்லே. ஒரு ராகி முத்தை வரையக்கூடாதா?"

மார்ச் 26

அவள் கேட்ட ராகி உருண்டையை வரைந்தேன். ஆனேக்கல் பஸ், மல்லிகைச் சரம், அண்ணனின் மீசை, மௌரீனின் தொப்பி. ஒட்டும் வேலையை மௌரீன் ஏற்றுக்கொண்டார். நாங்கள் வருவதற்கு முன்பே கலைத்து ஒட்டி மூடிவிடுவாராம். "எனக்கு மட்டும் எல்லாம் தெரியும். லஞ்சம் குடுத்தாலும் சொல்ல மாட்டேன்," என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

மீசைப் படம் திறந்ததும் காந்தா சிரித்தாள். யார் மீசை என்று சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள். சிரித்தாள், நானும் சிரித்தேன், ரெண்டு பேரும் கத்திக் கத்திப் பேசினோம், பக்கத்துக் கண்ணாடிக்காரர்கள்கூட வந்து நின்று அதை எடு இதை எடு என்று கூச்சல். அப்புறம் அவளுக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. துண்டை வாயில் வைத்தாள். எடுத்தபோது சிவப்பு.

நான் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். வேற என்ன செய்ய முடியும் என்னால.

டாக்டர் சீனிவாசராகவன் வந்து எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். "இவங்களுக்கு ரெஸ்ட்தான் மருந்து. நுரையீரலுக்கு ரெஸ்ட். நீங்க என்னடான்னா கத்த வைக்கிறீங்க, சிரிக்க வைக்கிறீங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

என்ன பண்ணிட்டேன். சும்மா இருந்திருக்கக்கூடாதா. செருப்பைப் பாத்துட்டு வந்திருக்கக்கூடாதா.

மார்ச் 31

ஆபீஸுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 1

மௌரீன் ஆபீஸுக்குப் போன் செய்தார். ரத்தம் நின்றுவிட்டது. காந்தா நேற்றிலிருந்து ஒன்றையே கேட்கிறாளாம்: "ஞாயித்துக்கிழமை உண்டா இல்லையா?" சாப்பிடச் சொன்னால், உண்டென்று சொல்லுங்கள் சாப்பிடுகிறேன் என்கிறாளாம்.

டாக்டர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். விளையாட்டு கூடாது என்றா சொன்னார்? சத்தம் கூடாது என்றல்லவா சொன்னார்?

ஏப்ரல் 2

கண்டுபிடித்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது வந்தது, பாலை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

புது விதி: வாய் திறந்தால் ஆட்டம் போச்சு. பேசினாலும் சரி, சிரித்தாலும் சரி, முறை அடுத்தவருக்கு. எடுத்த ஜோடி ஒன்றையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விளையாடுகிறவருக்கு மட்டுமில்லை, அவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர் பேசினாலும் விளையாடுகிறவருக்குத்தான் நஷ்டம். அப்போது வேடிக்கை பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் அடக்கிக்கொள்வார்கள். ஞாபகத்தைவிட வாயை அடக்குவதுதான் கஷ்டமான பகுதியாகிவிடும். விளையாட்டு இதனால் கெடவில்லை. இன்னும் நன்றாகிவிட்டது. நிஜமாகவே நன்றாகிவிட்டது.

ஏப்ரல் 4

காந்தம், மூடி, படமெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு டாக்டரின் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் மேஜைக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, நிமிர்த்திப் பிடித்து, மௌரீனோடு ஆடிக் காட்டினேன். பாதியில் டாக்டர், "அந்த பஸ் அங்க இல்ல, இங்க," என்று விரல் நீட்டினார். மௌரீன் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். என் பக்கம் நின்ற அவர் பேசியதால் எனக்கு ஒரு ஜோடி போச்சு.

டாக்டர் கண்ணாடியை வாங்கி மறுபடி மேஜையில் வைத்தார். "இன்னும் ஒரு வாரம் அவங்க படுக்கையை விட்டு எழுந்திரிக்கக்கூடாது. அப்புறம் நாற்காலியில உக்காந்து ஆடணும். இருமல் வந்தா அன்னிக்கே நிறுத்திடணும்," என்றார். இன்னொன்றும் கேட்டார்: "ராகி உருண்டை எதுக்கு?"

ஏப்ரல் 12, ஞாயிறு

இவ்வளவு அமைதியாக அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. காந்தா நாற்காலியில். நான் நின்றுகொண்டு. அவள் ஒரு மூடியை ஒதுக்கும்போது என் பக்கம் கேரம் காய் தானாக விலகி வழிவிடுகிறது. எதைத் திறப்பதென்று தயங்கினால் காய் நடுங்குகிறது. அவள் யோசிப்பது எனக்கு விரலில் தெரிகிறது. எப்படிச் சொல்வது இதை? கல்யாணத்தன்று கையைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. இன்று தெரிந்தது.

மல்லிகைச் சரத்தைப் பிடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் சிரித்தாள். இருமல் இல்லை. என்னைத் தோற்கடித்தாள். வழித்துத் துடைத்துவிட்டாள்.

தட்டும் காலியாகத்தான் திரும்புகிறது என்றார் மௌரீன்.

மே 3, ஞாயிறு

அண்ணனும் உடன் வந்தார். அவராகக் கேட்டுத்தான் வந்தார். மண்டிக்காரருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமாம், அதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாமென்று. போகும் வழியில் நான் சொன்னேன், "அண்ணே, அன்னிக்கு நான் பேசாம இருந்தது தப்பு. அந்தப் பேச்சு வேணாம். காந்தா என் வீட்டுக்குத்தான் வருவா."

அங்கே காந்தா அவரை விளையாடக் கூப்பிட்டாள், சைகையில். உட்கார்ந்தார். தன் மீசையைத் தானே திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டேய், இது யார்ரா வரைஞ்சது?" என்றார். பேசினார் அல்லவா, முறை போச்சு. அதற்கு, "இதெல்லாம் ஒரு ரூலா?" என்றார். மறுபடி போச்சு. கடைசியில் அவர் பக்கம் ஒரு ஜோடிகூட இல்லை.

பஸ் ஸ்டாண்டில், "உன் பொண்டாட்டி கெட்டிக்காரிடா," என்றார். அப்புறம், "வர்ற ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குப் போறே?"

ஜூன் 9

கபத்தில் கிருமி இல்லை. கிருமி இல்லை. மௌரீன் போனில் சொன்னதும் ஓஸ்வால்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூன் 13

காந்தாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். டாக்டர் கேட்டதால் பெட்டியையும் படங்களையும் அங்கேயே கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் ஆடுகிறார்களாம். புதிதாகப் படங்களும் கேட்டார்.

1960 பிப்ரவரி 10, புதன்

எக்ஸ்ரே காட்டப் போயிருந்தோம். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி அடிக்கடி வர வேண்டாம் என்றார்.

திரும்பும் வழியில் அந்தக் கண்ணாடியைக் கடக்க வேண்டியிருந்தது. வெளியே பட்டாளத்துத் தொப்பி போட்ட ஒரு பெரியவர், உள்ளே அவர் மனைவி. ஒரு முறைக்கு மூன்று காய்களை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். காந்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ரெண்டுதானே ரூலு? போய்ச் சொல்லுங்க." பெரியவர் திரும்பி, உதட்டில் விரலை வைத்து எங்களை முறைத்தார். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தாள். மூன்று என்றால் மூன்றாவது எதற்கு? எதிராளியைக் குழப்பவா? அல்லது தெரியாத ஒன்றைச் சும்மா பார்த்துவைக்கவா? அப்படியென்றால் அது நல்ல விதிதானே, நமக்கு ஏன் தோன்றவில்லை? நான் ஒன்று சொன்னேன், அவள் இல்லை என்றாள். நாங்கள் இறங்க வேண்டிய சிவாஜிநகர் வந்து போனதை இருவருமே கவனிக்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தோம்.