ரோஸ்மேரி போகும் மலையின் சரிவு

ஜனவரி 5, ஞாயிறு

என் மலையேற்றச் சிநேகிதி ரோஸ்மேரி வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை இமயமலை. கல்மண்டபத்திலிருந்து வியாசர்பாடி வரை வந்து மூன்று மாடி ஏறியவள், டீ கூடக் குடிக்கவில்லை. என் முட்டி போனதிலிருந்து இதுதான் ஏற்பாடு: அவள் ஏறுவாள், நான் அளப்பேன். எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். அதையும் நான் பஸ்ஸில்தான் கடக்கிறேன்.

ஜனவரி 7

ஸ்கேலோடு உட்கார்ந்தேன். சம உயரக் கோடுகள் நெருங்க நெருங்கச் சரிவு அதிகம். முப்பது டிகிரியைத் தாண்டினால் பனி மொத்தமாகச் சரிந்து ஆளை மூடிவிடும். அவள் கடக்கும் இடத்தில் கோட்டுக்குக் கோடு ஒரு மில்லிமீட்டர், அதாவது தரையில் ஐம்பது மீட்டர். அதற்குள் இருபது மீட்டர் ஏற்றம். இருபத்திரண்டு டிகிரிதான் வருகிறது. தாராளமாகப் போகலாம் என்று அனுப்பினேன். இந்த வாரம் நான் ஒருத்தருக்குப் பயன்பட்டது இது ஒன்றுதான்.

ஜனவரி 11

ரயிலிலிருந்து போட்டோ அனுப்பியிருக்கிறாள். பக்கத்தில் இப்போது அவளோடு ஏறும் ரேகா, அவள் தோளில் என்னுடைய பழைய மலையேற்றப் பை. நான்தான் கொடுத்தேன். இருந்தாலும்.

ஜனவரி 15

பொங்கல் லீவு. வரைபடத்தை மடிக்கும்போது ஓரத்தில் பொடி எழுத்தைப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு உயரம் 40 மீட்டர்.

நாற்பது. ஜவ்வாது மலை வரைபடத்தில் இருபது. எப்பவும் அதையே அளந்த பழக்கத்தில் இதற்கும் இருபதே போட்டுட்டேன். மறுபடி கணக்குப் போட்டால் — முப்பத்தொன்பது டிகிரி. இன்னா வேல பண்ணி வெச்சிருக்கேன் நான்?

ரெண்டு பேருமே போனை எடுக்கவில்லை. 'அந்தச் சரிவில் போகாதே' என்று அனுப்பியது ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

ஜனவரி 16

ஒற்றை டிக்.

ஜனவரி 17

வேலை பார்க்கும் யார்டில் லாரி எடையைத் தப்பாக எழுதித் திட்டு வாங்கினேன். பக்கத்து வீட்டு ராஜாத்தி, முகம் ஏன் இப்படிக் கீது என்று கேட்டாள். தலைவலி என்றேன். என்ன மலை, என்ன சரிவு என்று முதலிலிருந்து விளக்க வேண்டும். அதற்குத் தெம்பில்லை.

ஜனவரி 19

ரோஸ்மேரியிடமிருந்து போன் வந்தது. உயிரோடு இருக்கிறாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தச் சரிவாண்ட நாங்க போவவே இல்லடி. மொபைல் மேப்லயே செங்குத்தான எடத்த செவப்பா காட்டுது. போறதுக்கு முன்னாடியே வேற வழி போட்டுட்டோம். நீ அனுப்பினத நான் தெறந்தே பாக்கல."

அப்புறம் எதுக்கு என்னை அளக்கச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ வூட்ல தனியா குந்திகினு கீறியேன்னுதான்."

உயிரோடு இருக்கிறாள். அது போதும். போதும்தானே? போனை வைத்தபிறகு அழுதது அவளுக்காக இல்லை.

மார்ச் 2

அடுத்த மலையின் வரைபடம் முந்தாநாளே கூரியரில் வந்தது. இரண்டு நாள் தொடவே இல்லை. இன்று மத்தியானம் பிரித்து, முதலில் ஓரத்தைப் படித்தேன். நாற்பது. அளந்தேன், இன்னொரு தடவையும் அளந்தேன். ஓடைக்கு மேலே ஓரிடத்தில் முப்பத்தொன்பது டிகிரி, சுற்றிப் போ என்று அனுப்பினேன்.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது. படித்திருக்க மாட்டாள். சரியாகத்தான் அளந்திருக்கிறேன்.