தள்ளித்தள்ளி நின்ற எழுத்துகள்

ரோட்டர்டாம்,
செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பனி உருகும்வரை படகுக் கொட்டகைக்கு நடந்து போகாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் பெர்லினில் எனக்குத் தங்கப் பரிசு கொடுத்தார்கள். முப்பத்தொரு நாடுகளின் சுவரொட்டிகளில் நான் வடிவமைத்த படகுத்துறைச் சுவரொட்டிதான் முதலிடம். கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மேடையில் சான்றிதழை வாங்கிப் பார்த்தால், என் பெயரின் எழுத்துகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி. வாய் சும்மா இருக்கவில்லை.

"இதை நான் சுவத்துல மாட்ட முடியாது. எங்க பின்லாந்து பஸ் ஸ்டாப்புல ஆளுங்க நிக்கிற மாதிரி எழுத்தெல்லாம் தள்ளித்தள்ளி நிக்குது" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.

நடுவர் குழுத் தலைவி இங்கெபோர்க் என்னை உற்றுப் பார்த்தார்.

"அதை அமைச்சது நான்தாம்மா" என்றார்.

"அப்போ நீங்களே சரி பண்ணிக் குடுங்க."

"எனக்கு எதுக்கு வம்பு? அடுத்த வருஷம் எல்லார் சான்றிதழையும் நீயே பண்ணிடு" என்று சிரித்துவிட்டார். ஆக, அந்த வேலையும் எனக்கே.

இங்கே ரோட்டர்டாமில் ஜெயித்தவர்தான் கேக் வாங்கி வர வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, ஐந்து மணிக்கெல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீதிக் கேக்கை மூன்று நாளாக நானே தின்கிறேன்.

நம் ஊர்க் கறுப்பு ரொட்டி இரண்டு அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பார்சல் மேல் முகவரியை அச்சடித்து ஒட்டாமல் நீங்களே எழுதுங்கள். என் கணினியில் நாலாயிரம் எழுத்துருக்கள் இருக்கின்றன, உங்கள் கையெழுத்து மட்டும் இல்லை.

ஹில்கா