என் பெயரில் நீ அடித்த நூறு

என் தேவகியக்காவுக்கு,

நீ இருந்தவரைக்கும் உனக்கு ஒரு தபால் கார்டுகூடப் போடாத எஸ்தர் எழுதுகிறேன். பக்கத்து ஊர்தானே, ஞாயிற்றுக்கிழமை பார்க்கத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டேன். அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றுபோயின. போன ஐப்பசி மழையில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

நம் மாவட்டப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குப் பத்து வயசு ஆகிறதாம். திருவள்ளூரில் விழா எடுக்கிறார்கள், மலர் ஒன்றும் அச்சடிக்கிறார்கள். அணியின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டும் என்று செயலாளர் என் ஆபீசுக்கே வந்துவிட்டார். "முதல் செஞ்சுரி அடிச்சவங்க எழுதினாத்தான் பொருத்தமா இருக்கும்" என்றார். பக்கத்தில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன் அக்கா. "பெண்குலத்தின் பெருமை" என்று ஆரம்பித்தால் பேனா தானாக ஓடுகிறது, அடுத்த பக்கம் போனால் உன் பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயர் வருகிறது. உனக்கே சொல்வதுபோல எழுதினால்தான் பொய் கொஞ்சம் கூச்சப்படுகிறது.

அணியைத் தோற்றுவித்தவர் என்று மலரின் முதல் பக்கத்தில் செயலாளர் படம் வரப்போகிறது. அவர் தோற்றுவித்தாரா? கும்மிடிப்பூண்டியில் அப்போது கம்பெனிகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. நாம் இருந்த ஆணிக் கம்பெனியில் சாப்பாட்டு நேரம் அரை மணி. ஆம்பளைகள் கால் மணியில் தின்றுவிட்டு முற்றத்தில் பந்து ஆடுவார்கள். ஒரு நாள் பந்து நம் பேக்கிங் கொட்டகைக்குள் வந்து விழுந்தது. நீ எழுந்துகூட நிற்காமல், உட்கார்ந்த வாக்கில் வீசினாய். அது நேராகப் போய் ஸ்டம்பாக வைத்திருந்த எண்ணெய் டின்னைச் சாய்த்தது.

மறுநாள் ஆணிப்பெட்டி அடிக்கும் பலகை ஒன்றை நீயே செதுக்கிக்கொண்டு வந்தாய். உன்னையும் சேர்த்து ஏழு பெண்கள் ஆடினார்கள், நான் ஓட்டம் எண்ணினேன். லேத்து ஓட்டுகிற மாணிக்கம் சும்மா இருப்பாரா?

"பொம்பளைங்க கிரிக்கெட்டு ஆடினா ஊட்ல யாரு சோறு ஆக்குறது?"

"நீ ஆடிக்கினு இருக்கசொல்ல யாருண்ணா ஆக்குறாங்க? நாங்கதான. ஆடிட்டும் ஆக்குவோம், போ" என்றாய். அதற்கப்புறம் அவர் நமக்குப் பந்து பொறுக்கிப் போட ஆரம்பித்தார்.

செயலாளர் வந்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து. மாவட்டத்துக்கு ஒரு பெண்கள் அணி வேண்டும் என்று மெட்ராசில் சொல்லிவிட்டார்களாம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கியிருக்கிறார், ஒரு வீட்டிலும் பெண்ணை அனுப்பவில்லை. யாரோ நம்மைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஏழு பேரோடு சோழவரத்துப் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துப் பதினொன்று ஆக்கினார். நான் பன்னிரண்டாவது. மட்டை பிடிக்க வரவில்லை, கையெழுத்து நன்றாக இருந்தது, அதனால் ஸ்கோர் நோட்டு என்னிடம் வந்தது.

முதல் ஆட்டத்தில் மெட்ராஸ் கான்வென்ட் பெண்கள் நம்மைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே சுருட்டிவிட்டார்கள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிய நம்மைப் பார்த்து அந்த வெள்ளைக் கால்சட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. நீ மட்டும் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்றாய். அடுத்த ஆட்டத்திலிருந்து பேப்பரில் பெயர் வரும் என்று செயலாளர் சந்தோஷமாகச் சொன்னபோது உன் முகம் செத்துப்போனது. உன் அண்ணன் ஆரம்பாக்கம் சலூனில் உட்கார்ந்து பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவர். பெண்பிள்ளை மைதானத்தில் ஓடினால் காலை ஒடிப்பேன் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கே சொன்னவர்.

"என் பேர்ல ஆடுக்கா. எங்க நைனா ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றேன். அந்த யோசனை என்னுடையது. அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு பெரிய தியாகமாகத் தெரிந்தது தெரியுமா? செயலாளரும், "எந்தப் பேர்ல ஆடினா என்னம்மா, ஆள் வந்தா சரி" என்று பட்டியலில் திருத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து எஸ்தர் நீதான். வீட்டில் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாய். திருவள்ளூர் பஸ் அந்த வழியாகப் போவது நமக்கு வசதியாகப் போயிற்று. திரும்பும்போது பஸ் அங்கே நிற்கும் ஐந்து நிமிஷத்தில் ஓடிப்போய்க் குங்குமம் வாங்கிக்கொள்வாய். நீ களைத்துப்போன நாட்களில் நான் இறங்கி வாங்குவேன். ஞாயிறு ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு அம்மன் குங்குமம் வாங்கிய ஒரே பெண் அந்தக் கோயிலடியில் நானாகத்தான் இருப்பேன்.

வேலூர்ப் பெண்களோடு ஆடிய அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதத்தான் இப்போது எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. உன் உள்ளங்கையில் ஆணி கீறிய காயம் ஆறவில்லை, துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினாய். எண்பதைத் தாண்டியதும் எதிரே இருந்த செருப்புக் கடைக்காரர், சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுப்பவர் எல்லாரும் வேலியோரம் வந்துவிட்டார்கள். நூறாவது ஓட்டத்தை நீ ஓடி முடித்தபோது மைதானமே எழுந்து "எஸ்தர், எஸ்தர்" என்று கை தட்டியது. நீ மட்டையைத் தூக்கவில்லை. ஸ்கோர் மேஜையில் இருந்த என்னைப் பார்த்தாய். நான் குனிந்து என் பெயருக்கு நேராக நூறு என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் பெரியபாளையத்தில் பஸ் நின்றதும், "இன்னிக்கு நெசமாவே ஒரு கற்பூரம் ஏத்திட்டு வரேன். டிரைவராண்ட சொல்லி பஸ்ஸ நிறுத்தி வை எஸ்தரு" என்று இறங்கி ஓடினாய். அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் அப்புறம் பார்த்ததே இல்லை.

பேப்பரில் வந்த அந்த நாலு வரியை எங்கள் நைனா வெட்டித் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். ரயில்வேயில் தண்டவாளம் சரிபார்க்கிற மனுஷன், சர்ச்சில் எல்லாரிடமும் காட்டிவிட்டார். அவரிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

ஒரு மாதம் கழித்து மாநில அணிக்கான முகாமுக்கு எஸ்தர் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. என் வீட்டுக்கு, என் பெயருக்கு. நாம் இரண்டு பேரும் செயலாளரின் அரிசி மண்டிக்குப் போய் நின்றோம். இந்தத் தடவை உண்மையைச் சொல்லி உன்னை அனுப்பும்படி கேட்டோம். அண்ணன் அடித்தால் அடிக்கட்டும் என்று நீயே துணிந்து வந்திருந்தாய். அது அவருக்குப் புரியவே இல்லை.

"பேர மாத்தி ஆடினோம்னு தெரிஞ்சா மொத்த அணியையும் தள்ளி வச்சிடுவாங்க. காகிதத்துல இருக்கறது எஸ்தர். எஸ்தர் போகட்டும்" என்றார். மூட்டைகளை எண்ணிக்கொண்டே சொன்னார்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாய். "நீ போ எஸ்தரு. ரெண்டு பேர்ல ஒருத்தியாவது போவணும் இல்ல" என்றாய். நீ அனுப்பித்தான் போனேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீ சொன்னது நிஜம். நான் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொல்லாததும் நிஜம். எனக்கு ஆசை இருந்தது அக்கா. இதையும் எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

மெட்ராஸ் முகாமில் முதல் பந்திலேயே என் ஸ்டம்பு பறந்தது. பயிற்சியாளர் கிட்டே வந்து, வேலூர் ஆட்டத்தில் நூறு அடித்தது நீதானா என்று கேட்டார். ஆமாம் சார், காய்ச்சல் சார் என்றேன். பத்து நாளும் காய்ச்சலிலேயே கழிந்தது. கடைசி நாளில் எல்லாருக்கும் கொடுத்ததுபோல எனக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழில்தான், விளையாட்டு ஒதுக்கீட்டில், இந்த அரசாங்க வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நைனாவுக்கு மருந்து, என் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

மெட்ராசில் என் முகம் தெரிந்துவிட்டதால் அதற்குமேல் நீ எஸ்தராக ஆட முடியவில்லை. தேவகியாக ஆடலாமே என்று நாம் யாராவது சொன்னோமா? செயலாளர் நோட்டை உன்னிடம் கொடுத்தார். ஒரு வருஷம் முழுக்க நான் ஆட, நீ ஸ்கோர் எழுதினாய். எஸ்தர், பூஜ்யம். எஸ்தர், இரண்டு. எஸ்தர், பூஜ்யம். எனக்கு வேலை கிடைத்ததும் நான் நின்றேன். நீ அதற்கு முன்பே வருவதை நிறுத்தியிருந்தாய். எப்போது என்று எனக்கு நினைவில்லை. நான் கவனிக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இப்போது அணி எப்படி இருக்கிறது என்று கேட்பாய். நன்றாகத்தான் இருக்கிறது. சொந்த மைதானம், ரோலர், எல்லாருக்கும் வெள்ளைக் கால்சட்டை. அம்மாக்களே பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து விடுகிறார்கள். போன வாரம் ஒரு பெண் கவர் பக்கம் அடித்த அடியைப் பார்த்தபோது உன் கை ஞாபகம் வந்து எழுந்து போய்விட்டேன். அவர்களிடம் தேவகி யார் என்று கேட்டேன். ஸ்கோர் எழுதுகிற அக்கா ஒருத்தர் இருந்தாங்களாமே என்றார்கள்.

கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்த செயலாளரிடம் சொன்னேன், நூறு அடித்தது தேவகி என்றுதான் எழுதுவேன் என்று. அவர் கோபப்படவில்லை. தோளில் கிடந்த சால்வையை மடித்தபடி, "செத்துப்போனவளுக்கு நூறு எதுக்கும்மா? உயிரோட இருக்கற உனக்கு ஆகும்" என்றார். வாசல்வரைக்கும் போய்த் திரும்பி, "சான்றிதழ் பொய்னு ஆச்சுன்னா உன் வேலை என்னாகும்னு யோசிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன். அப்புறம் ஆரம்பாக்கம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டார்கள்.

"கோயிலுக்குன்னுதானம்மா சொல்லிட்டுப் போவா. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் அனுப்பிச்சிருப்பனே. அவன் கெடக்கறான்."

நிஜமாகவே அனுப்பியிருப்பார்களா அக்கா? இல்லை, பெண் போனபிறகு எந்தத் தாயும் இப்படித்தான் சொல்வாளா? நாம் ஒளித்ததெல்லாம் யாரிடமிருந்து? பயப்படவேண்டிய ஆளையே பார்த்துக்கொண்டு, கேட்கவேண்டிய ஆளைக் கேட்காமல் விட்டுவிட்டோமே.

"நூறுன்னா நெறையவா?" என்று கேட்டார்கள்.

"நெறையம்மா. அதுக்கு முன்ன நம்ம பக்கம் யாரும் அடிச்சதில்ல."

"ஜனம் பாத்துதா?"

"எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்கம்மா."

முறத்தை மடியில் வைத்துக்கொண்டார்கள். "உன் பேர சொல்லித்தான தட்டுனாங்க?" என்றார்கள். குத்திக்காட்டவில்லை அக்கா. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள்.

அதனால் இந்தக் கடிதத்தைத்தான் மலருக்குக் கொடுக்கப்போகிறேன். அவர்கள் கேட்ட வரலாறு இதுதான். செயலாளர் அச்சேற்ற மாட்டார். அச்சேற்றவில்லையென்றால் விழாவன்று என்னை மேடைக்குக் கூப்பிடுவார்கள் இல்லையா, அங்கே மைக்கில் படிப்பேன். உன் அம்மாவை முன் வரிசையில் உட்காரவைத்துவிட்டுத்தான் மேடையேறுவேன். தேவகி என்று சொல்லி நிறுத்துவேன். ஜனம் கை தட்டுமோ தட்டாதோ, நான் ஒருத்தியாவது தட்டுவேன்.

வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை. நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது அக்கா. பயந்துகொண்டேதான் மேடையேறுவேன், ஆனால் ஏறுவேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

நீ ஓடிய ஓட்டத்தில் இன்றும் சோறு தின்கிற
உன் தங்கச்சி,
எஸ்தர்