துரையின் ஐந்தாவது நூறு

1911 ஜூலை 3, திங்கள்

இன்றைக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையை யாராலும் அவுட்டாக்க முடியவில்லை. சாயங்காலம் பயிற்சி வலைக்குள் நின்று ஒரு மணி நேரம் அடித்தார். பந்தெல்லாம் தேயிலைக்குள் போய் விழுந்தது. எடுக்கப் போன ஆட்களின் கையெல்லாம் கீறல். சீமையில் டெஸ்ட் மேட்ச் ஆடுகிறவர்களைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாலும் நம்ம துரைக்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாதா? ஆஸ்திரேலியாக்காரர்கள் கப்பலில் போகிற வழியில் கொழும்பில் இறங்கி ஆடினபோது கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதில் ஒருத்தர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். வெயிலுக்குத் தூக்கியிருப்பார் என்று என் பெண்சாதி வடிவம்மா சொல்கிறாள். அவள் என்ன அங்கே வந்தாளா?

ஆனால் இதே துரை போன வாரம் அப்புத்தளையில் ரெண்டே ஓட்டம். அதற்கு முந்தின ஆட்டத்தில் முட்டை. ரெண்டு வருசமாக இதே கதைதான். வலைக்குள் சிங்கம், மேட்ச்சில் போய் நின்றால் — எழுதக் கை வரவில்லை. என்னமோ நடக்கிறது. யாரோ இருக்கிறார்கள் இதற்குப் பின்னால்.

வருசா வருசம் ஆகஸ்டில் பதுளையில் திம்புளைத் துரைமாருக்கு எதிராக நடக்கிற பெரிய மேட்ச்சில் நாலு நூறு அடித்தவர்கள் ரெண்டே பேர். ஒருத்தர் செத்துப் போனார். மற்றவர் நம்ம துரை. ஐந்தாவது நூறு வந்தால் கிளப்புச் சுவரில் இருக்கிற பலகையில் தன்னந்தனியாக மேலே நிற்பார். வயசு நாற்பத்தாறு. இன்று மட்டையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: இந்த ஆகஸ்டில் நூறு அடித்தால் இன்னும் மூன்று வருசம் தோட்டத்தில் இருப்பாராம். அடிக்காவிட்டால் கப்பல் ஏறிவிடுவாராம்.

அவர் கப்பல் ஏறினால் தோட்டத்துக்குள் இருக்கிற என் கடை என்னாகும்? இது அவர் வாயால் கொடுத்த கடை. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வருகிற துரை தன் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைப்பார். பதினோரு வருசக் கடை. ஆகவே துரையின் நூறு என்பது துரைக்கு மட்டும் சேர்ந்தது அல்ல.

ஜூலை 5

துரையின் கண்ணைச் சோதித்தேன். தூரத்து மலையில் கொழுந்து எடுக்கிறது யார் என்று கேட்டேன். பேர் சொல்லி, அவள் சோம்பேறி என்றும் சொன்னார். அப்போ காரணம் கண் இல்லை.

ஜூலை 8, சனி

மட்டை பிடிக்கிறவனுக்கு முதலில் போவது கால், பிறகு கண், கடைசியாகத்தான் கை. இது நான் கண்டுபிடித்தது. துரைக்கு மூன்றும் இருக்கிறது. சீமையில் நாற்பது தாண்டியும் டெஸ்ட் மேட்ச் ஆடுகிறார்களாம். துரையே பேப்பரைப் பார்த்துச் சொன்னார். அப்படியானால் காரணம் வயசும் இல்லை. வயசு இல்லை என்றால் ஆள்.

யார்? இன்று பலீல் வந்திருந்தார். பதுளையில் புடவைக் கடை வைத்திருக்கிறவர். ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் புடவை விற்க வருகிறாராம். மூட்டையை அவிழ்க்கவே இல்லை. வலைக்குப் பக்கத்தில் நின்று பந்து போடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது என் கடையை மேலும் கீழும் பார்த்து, கூரைத் தகரம் நல்ல தகரம் என்றார். ஒருத்தன் எதற்கு இன்னொருத்தன் தகரத்தைப் பார்க்க வேண்டும்? துரை தோற்றால் யாருக்கு லாபம் என்று யோசித்தால் விசயம் தெளிவாகிவிடுகிறது.

அதுவும் போகட்டும். என் தங்கை இராக்கம்மா மகன் பொன்னையாவோடு தனியாக நின்று பேசினார். அவனும் வலையில் பந்து போடுகிறவன். நான் போனதும் பேச்சு நின்றுவிட்டது.

ஜூலை 11

வலைக்குள் துரை நிற்கிற இடத்தில் அறுத்த எலுமிச்சம்பழம், குங்குமத்தோடு. இதோ பிடித்தேன் என்று கங்காணியையும் நாலு ஆளையும் கூட்டிக்கொண்டு பங்களாச் சமையல்காரன் குசினி வரைக்கும் போய்விட்டேன். கடைசியில் பழம் வைத்தது வடிவம்மாவாம். துரைக்குக் கண்ணேறு கழித்தாளாம். "உங்க கடைக்குத்தானே செஞ்சேன்" என்கிறாள். நாலு ஆளுக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். வேண்டுமென்றேதான் அவளைப் பழம் வைக்கச் சொன்னேன், திருடன் முழிக்கிறானா பார்க்க, என்று சொல்லிவைத்தேன். நம்பினார்கள்.

ஜூலை 15, சனி

பண்டாரவளையில் மேட்ச். துரையின் மட்டைகளைச் சுமந்து நானும் போனேன். இடுப்பளவு உயரமுள்ள ஒரு ரயில்வேப் பறங்கிப் பையன் போட்ட பந்து, கோணலாக வந்து நடுக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போனது. துரை நாலு ஓட்டம். திரும்பி வந்து கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது குதிரைமேல் இருந்தபடியே துரை கேட்டார். "கடைக்காரன், வலையிலே ஒரு ஆளும் என்னை அவுட் எடுக்கிறது இல்லை. ஏன்?"

"துரை ஆட்டத்துக்கு நம்ம ஆளுங்க பத்துமாங்க?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது சரிதானே. வலைக்கு ஆள் எடுக்கிறதே நான்தான். பந்துக் கங்காணி என்று எனக்கு ஒரு பேரே உண்டு (நான் வைத்தது). மூன்று மணிக்கு மலையை விட்டு இறங்கிப் பந்து போடுகிறவனுக்கு அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி. துரையின் குச்சியில் பந்து பட்டால் அரைப் பேர்தான். ரெண்டு வருசத்துக்கு முன்பு ஒருநாள் எவனோ குச்சியைச் சாய்த்து, துரை முகம் சுண்டிப்போய், கணக்கப்பிள்ளை அவன் பேரைப் பாதியாக வெட்டினார். அதற்குப் பிறகு அதையே சட்டமாக வைத்துவிட்டேன். துரையின் தொப்பியைத் தட்டிவிடுவோமா? குச்சியும் அப்படித்தான். மரியாதை தெரிந்த ஆட்கள். மட்டைக்கு நேராக, அடிக்கத் தோதாக, பதமாகப் போடுவார்கள். இப்படி ஒரு பழக்கம் எந்தத் தோட்டத்தில் இருக்கிறது?

ஜூலை 16

பொன்னையா விடியுமுன்னே பதுளைக்குப் போயிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் போகிறானாம். இராக்கம்மா கோயிலுக்கு என்கிறாள். மூன்று மணி நேர நடை நடந்து சாமி கும்பிடுகிற முகமா அது?

ஜூலை 18

கேட்டேவிட்டேன். கடைக்குள் கூப்பிட்டு, கதவுப் பலகையை இழுத்து மூடி, "பலீல் உன்னை என்னாத்துக்குடா கூப்பிடுறாரு? துரை தோத்துப்போக நீ என்ன செய்யிற?" என்றேன்.

சொன்னான்: "அங்க போய்ப் பந்து போடுறேன் மாமா. டவுன் கிளப்புல."

"இங்க போடுறது பத்தாதா?"

"இங்க நான் போடுறது பந்தா மாமா? தட்டுல வச்சுக் குடுக்குறேன்."

என்ன பேச்சு இது? கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. இருபத்திரண்டு வயசுப் பயல், என்னைவிட ஒரு சாண் உயரம். டவுன் கிளப்பில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று மூன்று இனத்து ஆட்களும் சேர்ந்து ஆடுகிறார்களாம். பலீல்தான் அதற்குப் பெரியவராம். கதை நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். பலீல் துரையைத் தோற்கடிக்க இவனைப் பழக்குகிறார். இவன் என்னமோ செய்கிறான். என்ன செய்கிறான் என்றுதான் பிடிபடவில்லை. வலையில் நான் கண் கொட்டாமல் பார்க்கிறேன், ஒரு தப்பும் தெரியவில்லை. தப்பே தெரியாமல் செய்கிறவன்தான் பெரிய ஆள்.

சொந்தத் தங்கச்சி மகன். துரையிடம் சொல்லலாமா? சொன்னால் வேலையிலிருந்து விலக்கிப் பற்றுச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிடுவார். சொல்லாவிட்டால் என் கடை.

ஜூலை 20

சோறு இறங்கவில்லை. வடிவம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாக இருக்கிறது.

ஜூலை 21, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வலைக்குப் பக்கத்தில்தான் நடந்தது. துரை கேட்டுக்கொண்டார். பொன்னையாவைக் கூப்பிட்டார். அவர் தமிழில் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ டவுன்லே போய்ப் பந்து போடுறதா?"

"ஆமாங்க."

"அங்கே ஆளை அவுட் எடுக்கிறதா?"

"எடுப்பேங்க. போன ஞாயித்துக்கெழமை ஏழு பேரு."

துரை மட்டையைக் கீழே ஊன்றினார். "அப்போ ஏன் என்னை எடுக்கிறது இல்லை?"

பொன்னையா என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். பயல் தலையைக் குனிந்துகொண்டு, "குச்சியில பட்டா அரைப் பேருங்க" என்றான்.

துரைக்கு விளங்கவில்லை. கணக்கப்பிள்ளை இங்கிலீசில் சொன்னார். அப்போது துரையின் முகத்தைப் பார்த்தவன் நான். வெள்ளை முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே வந்தது. "எத்தனை வருசம்?" என்றார். அவரே யோசித்துப் பார்த்தார் போல. கடைசி நூறு அடித்தது எப்போது, அந்த அரைப் பேர் வெட்டினது எப்போது என்று.

பிறகு வலைக்குள் போய் நின்று, "போடு" என்றார். "டவுன்லே போடுற மாதிரி."

பொன்னையா வேட்டியை மடித்துக் கட்டினான். சாமி சத்தியமாக அப்படி ஒரு பந்தை அவன் கையிலிருந்து நான் பார்த்ததே இல்லை. வெளியே போவது போலப் போய், உள்ளே திரும்பி, ஓரக்குச்சி மூன்று குட்டிக்கரணம். அடுத்தது நடுக்குச்சி. அடுத்தது துரையின் முழங்கால். மட்டையில் பட்டது மொத்தத்தில் ரெண்டோ மூன்றோதான். ஒவ்வொரு தடவையும் துரையே குனிந்து குச்சியை நட்டார். எடுத்து நட யாருக்கும் காலே வரவில்லை.

இருட்டினதும் துரை பங்களாவுக்குப் போய்விட்டார். முடிந்தது. பொன்னையாவும் போச்சு, கடையும் போச்சு.

ஜூலை 22

காலையில் ஆட்களுக்குப் பேர் போடுகிற பெரட்டுக்களத்தில், எல்லாரும் கூடியிருக்க, துரையே சொன்னார்: வலையில் துரையை அவுட்டாக்குகிறவனுக்கு அன்றைக்கு ஒன்றரைப் பேர்.

யாரும் நம்பவில்லை. எனக்கும் சந்தேகம்தான். யார் குச்சியில் போடுகிறான் என்று ஆள் பார்த்து வைத்து, பிறகு மொத்தமாகத் துரத்துகிற யோசனையாக இருக்குமோ?

ஜூலை 29, சனி

இந்த வாரம் முழுக்க இது ஒரு பார்வையா? கொழுந்து எடுக்கிற பெண்கள்கூட வேலியோரம் நின்று சிரிக்கிறார்கள். துரை அவுட், அவுட், திரும்பவும் அவுட். தினமும் எல்லாருக்கும் சொன்னபடி ஒன்றரைப் பேர். கணக்கப்பிள்ளை தலையில் கை வைக்கிறார். மேட்ச்சுக்கு நாலு வாரம்தான் இருக்கிறது. ஒரு மனுசனின் தைரியத்தை இப்படி உடைத்தால் நூறு எங்கிருந்து வரும்? நான் பழக்கின முறையே மேல். அடித்துக்கொண்டாவது இருந்தார்.

இராக்கம்மா என்னோடு பேசுவதில்லை. "துரை நல்லவரா இருக்கப்போய் எம்புள்ள பொழச்சான்" என்று லயம் முழுக்கச் சொல்கிறாளாம்.

ஆகஸ்ட் 9

இன்று பொன்னையாவின் பந்தை ரெண்டு தடவை பின்கால் போட்டு வெட்டி அடித்தார். துரை சிரித்து ரெண்டு வருசம் ஆகிறது. பொன்னையாவும் சிரித்தான். ரெண்டு பேரும் சேர்ந்து சிரிக்க என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 12, சனி

பலீலை வழிமறித்தேன். என் கடையின்மேல் உங்களுக்கு என்ன கண் என்று நேராகவே கேட்டேன்.

"ஒங்கட கடையா? இந்தக் குளிர்லயா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "தம்பையா அண்ணே, நான் பொன்னையாவப் பாக்க வாறன். அவன் கை மாதிரிக் கை பதுளையில இல்ல. என் கடையில வேலை தாறன், கிளப்புல ஆட வாடான்னு மூணு மாசமாக் கெஞ்சுறன். மாமாவுக்குக் கோவம் வரும்னு வர மாட்டேங்கிறான்."

தகரம்? "நல்ல தகரத்த நல்ல தகரம்னு சொல்லக் கூடாதா?"

நம்பவில்லை. இருந்தாலும் அவர் கொண்டுவந்த தொதல் பலகாரத்தை வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, சனி

பதுளை மைதானம். மேட்ச்சின் இரண்டாம் நாள்.

ஊருக்கெல்லாம் தொண்ணூற்றெட்டு என்று சொல்லியிருக்கிறேன். இங்கே மட்டும் உள்ளதை எழுதுகிறேன்: எழுபத்தொன்று.

ஆனால் என்ன எழுபத்தொன்று! திம்புளையில் உயரமாக ஒரு துரை, எலும்பை உடைக்கிற வேகம். அவரை நம்ம துரை எதிர்த்து நின்றது, தோளில் வாங்கினது, வாங்கிக்கொண்டே அடித்தது. தேத்தண்ணி வேளை வரைக்கும் அசையவில்லை. எழுபதைத் தாண்டினதும் கால் கனத்துப் போனதைக் கயிற்றோரம் நின்ற எனக்கே பார்க்க முடிந்தது. ஒரு ஓட்டத்துக்கு ஓடி, பாதியில் நின்று, திரும்பப் பார்த்து — திரும்ப முடியவில்லை. குச்சியைச் சாய்த்துவிட்டார்கள். கால்தான் முதலில் போகும் என்று நான் எழுதினேனே.

எல்லாத் துரைமாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஐந்தாவது நூறு இல்லை. பலகையில் ரெண்டு பேரும் அப்படியே சரிசமமாக இருப்பார்கள்.

எனக்கு அழுகை வந்தது, கடையை நினைத்து. துரை கயிற்றைத் தாண்டி, என் பக்கத்தில் நின்ற பொன்னையாவிடம் நேராக வந்தார். "இது நிஜமா அடிச்சது" என்றார். என்னைப் பார்த்து, "என்ன கடைக்காரன்?" என்றார். ஆமாங்க என்றேன்.

செப்டம்பர் 17

துரை போய்விட்டார். பண்டாரவளை ஸ்டேசன் வரைக்கும் போனேன். கடைக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்க என்று கேட்டேன். சொல்லியிருக்கிறேன், ஆனால் புதுத் துரை அவர் இஷ்டப்படிதான் செய்வார் என்றார். ரயில் நகரும்போது கையைக் காட்டினார். எனக்குத்தான். பக்கத்தில் நின்ற ஸ்டேசன் மாஸ்டர் தனக்கு என்று நினைத்துக்கொண்டார்.

நவம்பர் 4

புதுத் துரை தன் ஆளைக் கொண்டுவந்துவிட்டார். சாவியைக் கொடுத்தேன்.

1912 பிப்ரவரி 11, ஞாயிறு, பதுளை

பலீலே கூப்பிட்டு வேலை கொடுத்தார்; அவர் கடையில் வேட்டிப் பக்கம் என் பொறுப்பு. (மொத்தக் கடையுமே என் பொறுப்பு என்று தோட்டத்தில் பேச்சு. நான் மறுக்கவில்லை.) பொன்னையா எதிர்ப் பக்கம் சீத்தைத் துணி கிழிக்கிறான். என்னோடு பேசுகிறான், மாமா என்று கூப்பிடுகிறான். வடிவம்மாவுக்கு டவுன் பிடித்துவிட்டது. இராக்கம்மா பொங்கலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

தோட்டத்திலிருந்து ஆட்கள் புடவை எடுக்க வந்திருந்தார்கள். புதுத் துரையும் மட்டை பிடிக்கிறாராம். வயசு இருபத்தெட்டு. புதுக் கடைக்காரன்தான் வலைக்கு ஆள் எடுக்கிறானாம். துரை வந்து மூன்று மாசமாகிறது, ஒருத்தனாலும் அவரை அவுட்டாக்க முடியவில்லையாம். இவர்தான் எல்லா ரெக்கோட்டையும் உடைக்கப் போகிறவர், இன்னும் இருபது வருசம் ஆடுவார் என்று லயம் முழுக்க ஒரே பேச்சாம். நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணே, ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே என்றார்கள்.

வேட்டியை மடித்துக் கொடுத்தேன்.

அடுத்த மாசம் துரைமாருக்கும் டவுன் கிளப்புக்கும் ஆட்டம். பொன்னையாதான் முதல் பந்து. நல்ல இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். தன் பக்கத்திலேயே எனக்கு நாற்காலி போட்டு வைப்பதாகப் பலீல் சொல்கிறார்.

ஏன் சொல்கிறார்?