செவலையின் மூக்கில் பிழிந்த இலை

என் பிரியமான அக்காவுக்கு,

நீ வளர்த்த நாய் செவலைக்கு உடம்பு சரியில்லை. உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்? போன வாரம் அதன் மூக்கிலிருந்து ரத்தம் வடிய ஆரம்பித்தது. முதலில் சொட்டுச் சொட்டாக. பிறகு சோற்றுத் தட்டெல்லாம் சிவப்பாக.

உன் வீட்டுக்காரரான பாவாவுக்கு உன் வைத்தியம்தான் தெரியும். நாய்க்குக் காலில் அடிபட்டாலும் காது கிழிந்தாலும் நீ வெட்டுக்காயப் பூண்டு இலையைக் கசக்கிப் பிழிவாய், ரத்தம் நின்றுவிடும். பாவாவும் அதையேதான் செய்தார். வரப்பில் பறித்து வந்து மூக்குக்குள் பிழிந்தார். செவலை தும்மியது. உறைந்திருந்த ரத்தம் தெறித்து மறுபடி வழிந்தது. அவரும் மறுபடி பிழிந்தார். மலைக்கோயிலிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தை வேறு மூக்கின்மேல் அப்பிவிட்டார்.

"பாவா, அத தும்ம வெச்சிகினே இருந்தா ரத்தம் எப்படி நிக்கும்?" என்றேன்.

"இன்னா மச்சான், வாத்தியார் வேலய இங்கயும் காட்றியா? உங்கக்கா கைவைத்தியம் இது. தப்பா பூடுமா?"

விடாப்பிடியாக ஆட்டோ வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பாவா கை நிறைய இலையோடு ஏறிக்கொண்டார். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார். உண்ணி கடித்து உள்ளே போன கிருமி, ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்களைக் குறைத்துவிட்டதாம்.

"இந்த எல போதாதாம்மா?" என்று பாவா கையை நீட்டினார்.

"மேல சின்னக் கீறல்னா வெச்சுப் பாக்கலாம்யா. இது உள்ள இருக்கிற நோவு. மூக்குல எதுவும் ஊத்தாதீங்க."

"பப்பாளி எலச் சாறு குடுத்தா?"

"அத நம்பி மாத்திரய விட்டுடாதீங்க."

திரும்பி வரும்போது, வகுப்பில் எனக்குப் பழகிப்போன மாதிரி ஓர் உதாரணம் சொன்னேன். "சாக்கு கிழிஞ்சா தெச்சிடலாம் பாவா. தெய்க்க நூலே இல்லன்னா? செவலைக்கு நூல் தீந்துபோச்சி. மாத்திரதான் அத திரும்பக் கொண்டாரணும்."

கனகம்மாசத்திரத்து பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பிறகு பாவா கேட்டார்: "அப்போ உங்கக்காவுக்கும் நூல்தான் தீந்துபோச்சா மச்சான்?"

அக்கா, டெங்கு வந்து நீ படுத்தபோது, "ஆஸ்பத்திரி வேணாம், பப்பாளி எல போதும்" என்றாய். அதை இடித்துப் பிழிந்து ஊட்டியவர் அவர். ஈறில் ரத்தம் கண்ட பிறகுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நாய்க்கு இலை போதாது என்று நான் சொன்னது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? சீக்கிரம் போயிருந்தால் நீ இருந்திருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுகூட நான் அவரிடம் சொல்லவில்லை.

இன்று செவலை கொஞ்சம் சோறு தின்றது. ரத்தம் இன்னும் கசிகிறது. பிழைக்குமா என்று கேட்டால் டாக்டரம்மா, "பாக்கலாம்" என்கிறார். பாவா யாரிடமும் விடாமல், மாத்திரையைத் தானே சோற்றில் பொதிந்து ஊட்டுகிறார். ஊட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். செவலை பிழைக்க வேண்டும் என்று வேண்டுகிறாரா, மாத்திரையில் பிழைத்துவிடுமோ என்று பயப்படுகிறாரா?

செவலையைக் காப்பாற்றித் தருவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் அது பிழைத்தாலும் போனாலும், பாவா மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நான் பேசாமல் இருக்க மாட்டேன். நீ இலை கேட்டாய், உன் மேலிருந்த பிரியத்தில் அவர் இடித்தார், பக்கத்தில் நின்ற நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன்.

உன் கூடப்பிறந்த தம்பி